வழவழப்பு என்னும் குற்றம்

அமெரிக்காவின் விஸ்கான்ஸின், மினஸோட்டா முதலிய ஏரிப் பிரதேசங்களில் குளிர்காலம் பிறந்து, தண்ணீரெல்லாம் உறைந்து, படகுகள் கரையேற்றப்பட்டுத் துணி போர்த்தி வைக்கப்பட்ட பின்பு, வீட்டை ஒட்டிய கார்க்கொட்டகைகளில் ஒரு விநோதமான உத்தியோகம் ஆரம்பமாகிறது. கோடை முழுவதும் படகின் பின்பலகையில் தொங்கி உழைத்த அவுட்போர்டு மோட்டாரை அதன் சொந்தக்காரர் கழற்றிக் கொண்டுவந்து, மேஜைமீது கிடத்தி, ஹெட்டை நீக்கி, பிஸ்டன்களை உருவி, சிலிண்டரின் உட்சுவரை விளக்கு வைத்துப் பார்க்கிறார். பல ஆண்டு ஓட்டத்தில் தேய்ந்து மெருகேறிய அந்தச் சுவர் பளபளவென்று மின்னுகிறது. அதற்கு அவர் செய்கிற சிகிச்சை, விஷயம் அறியாதவருக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். கரகரப்பான கல்லை ஒரு டிரில்லின் நுனியில் மாட்டி, அந்த மெருகு முழுவதையும் வேண்டுமென்றே கீறி அழித்துவிடுகிறார். ஹோனிங் என்று இதற்குப் பெயர். உராய்வு குறைய வேண்டிய இடத்தில் சொரசொரப்பை உண்டாக்குவது என்ன நியாயம் என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

மோட்டாரின் பூர்வோத்தரத்தைச் சற்றுச் சொல்லிவிடுவது நல்லது. 1877-இல் நார்வேயில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே விஸ்கான்ஸினுக்குக் குடிபெயர்ந்த ஓலே எவின்ரூட் என்பவர், 1909-இல் மில்வாக்கி நகரத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்த படகு மோட்டார் ஒன்றரைக் குதிரைசக்தி உடையது. எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர். காதலிக்காக ஏரியின் மறுகரையிலிருந்து துடுப்புப் போட்டுக் கொண்டுவந்த ஐஸ்கிரீம் வழியிலேயே உருகிவிட்டதால்தான் அவருக்கு இந்த யோசனை உதித்தது என்று ஒரு கதை வழங்குகிறது. அவருக்குச் சில வருஷம் முன்பே காமரன் வாட்டர்மன் என்பவர் இத்தகைய மோட்டார்களை விற்கத் தொடங்கியிருந்தார் என்பதை நினைத்தால், ஐஸ்கிரீமுக்கு அவ்வளவு பெருமை தர வேண்டியதில்லை. அந்த நாளிலிருந்து தொண்ணூறு ஆண்டுக் காலம் படகு மோட்டார் என்றாலே பெரும்பாலும் இரு ஸ்ட்ரோக் எஞ்சின்தான். பெட்ரோலில் கால் பங்குக்குமேல் எரியாமலே தண்ணீரோடு போய்விடும் அதன் ஊதாரிக் குணத்தை முன்னிட்டு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1996-இல் விதிகள் செய்தது. அவை 1998 முதல் படிப்படியாக அமலுக்கு வரவே, கார்புரேட்டர் வைத்த இரு ஸ்ட்ரோக் மோட்டார்கள் அந்நாட்டுப் புது விற்பனையிலிருந்து மெல்ல மறைந்தன. எவின்ரூட் என்ற பெயரில் மோட்டார் செய்வதே 2020-இல் நின்றுபோயிற்று. ஆனால் விற்றுப்போனவை சாகவில்லை. சிறிய உருவமும் எளிய அமைப்பும் கொண்ட அந்தப் பழைய மோட்டார்கள், ஏரிக்கரை வீடுகளில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து, பொறுமையுள்ள கைகளால் மறுபடி மறுபடி உயிர்ப்பிக்கப்படுகின்றன. நம் சோழமண்டலக் கரையிலும் ஈழத்தின் வடகரையிலும் கண்ணாடி இழைப் படகுகளின் பின்னால் உறுமும் மோட்டார்களிலும் பல இதே ஜாதிதான்.

இரு ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டரின் சுவர் வெறும் சுவர் மட்டுமன்று. கார் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே விடவும் புகையை வெளியே தள்ளவும் தனியே வால்வுகள் உண்டு; இங்கேயோ சிலிண்டரின் சுவரிலேயே ஜன்னல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அந்த ஜன்னல்களைத் திறந்தும் மூடியும் வால்வின் வேலையைச் செய்துவிடுகிறது. பிஸ்டனின் அடிப்புறத்தில் இருக்கும் கிராங்க் கேஸையே ஒரு பம்பாக உபயோகித்து, அங்கே அமுக்கப்பட்ட கலவையை மேலே அனுப்பும் யுக்திக்கு இங்கிலாந்தின் பாத் நகரத்து எஞ்சினீயர் ஜோசப் டே 1891-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே அவரிடம் வேலை பார்த்த பிரெடரிக் காக் என்பவர், உள்ளிழுக்கும் வாயிலையும் பிஸ்டனின் ஓரமே திறந்து மூடும்படி செய்து, அந்த யுக்தியை இன்னும் எளிதாக்கினார். இந்த எளிமைக்குக் கொடுக்க வேண்டிய விலை ஒன்று உண்டு. கிராங்க் கேஸ் வழியே கலவை போவதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்ப் புகைதான் சுவருக்கும் பேரிங்குகளுக்கும் கிடைக்கிற ஒரே ஆகாரம்.

அந்த ஆகாரத்தின் அளவை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டனின் ஓட்டமும் சுமார் 6 சென்டிமீட்டர் உள்ள இரட்டைச் சிலிண்டர் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 5,500 சுற்று ஓடி, மணிக்குப் பத்து லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. ஐம்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு அது பெறுவது 200 மில்லிலிட்டர் எண்ணெய். வகுத்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு சிலிண்டரும் பெறும் பங்கு ஏறக்குறையக் கால் மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி எரிந்து போகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியே போகிறது. எஞ்சியதைக் கொண்டுதான், விநாடிக்குச் சராசரி 11 மீட்டர் வேகத்தில் ஓடி, நிமிஷத்துக்கு 11,000 தடவை நின்று திரும்பும் பிஸ்டன் ரிங்குகளை, அதாவது பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையங்களை, அந்தச் சுவர் காப்பாற்றியாக வேண்டும். இனி, அதே சுவரில் சராசரி ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆழத்துக்கு எண்ணெய் தங்கும்படி நுண்ணிய கீறல்கள் இருப்பதாகக் கொள்வோம். சுவரின் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். ஆகவே அதில் தங்கும் எண்ணெய் பத்து மில்லிகிராம். ஏறத்தாழ நாற்பது சுற்றுக்கான சேமிப்பு! கண்ணுக்கு எட்டாத அந்தக் கீறல்கள் எவ்வளவு பெரிய களஞ்சியம் என்பது இப்போது விளங்கும்.

எண்ணெய் ஏன் அங்கே தேவைப்படுகிறது என்பதும் பார்க்கும் அளவுக்கு எளிய விஷயமன்று. 1883-இல் லண்டன் மெக்கானிகல் எஞ்சினீயர்கள் சங்கத்தாருக்காக பேச்சம்ப் டவர் என்பவர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்கைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துவாரம் போட்டார். அச்சுச் சுழலும்போது எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துவாரத்தின் வழியே மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது; மரமுளை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டி ஓடிற்று. பேரிங்மேல் ஏற்றியிருந்த சராசரிப் பாரமோ நூறு பவுண்டுதான். சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, குறுகும் இடைவெளிக்குள் ஆப்பாகச் செருகி, அதன்மீது தானே மிதக்கிறது என்ற உண்மையை, மூன்று வருஷம் கழித்து மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித ரூபமாக நிரூபித்தார். உலோகமும் உலோகமும் தொடாமலே ஒன்றன்மேல் ஒன்று ஓடும் அந்த மிதவைக்கு ஒரே நிபந்தனை, ஓட்டம் வேண்டும் என்பதே. வேகம் குறையக் குறைய மிதவை மெலிந்து, ஒரு கட்டத்துக்குக் கீழே உராய்வு திடீரென்று ஏறிவிடுகிறது என்பதை 1902-இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் வரைபடமாகவே காட்டினார்.

நம் பிஸ்டனுக்கு இதில்தான் சங்கடம். ஓட்டத்தின் நடுப்பகுதியில் அது விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. அங்கே ரிங் எண்ணெய்மேல் சுகமாக மிதக்கும். மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒரு கணம் நின்றே திரும்ப வேண்டும். அந்தக் கணத்தில் மிதவை அற்றுவிடுகிறது. மேல் முனையிலோ, எரியும் வாயுவின் உக்கிரமான அழுத்தமும் உஷ்ணமும் அதே சமயத்தில் வந்து சேருகின்றன. அப்போது காப்பது, உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அகல மறுக்கும் சில மூலக்கூறு தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். உயிரியலில் ஆராய்ச்சியைத் தொடங்கிப் பௌதிகத்துக்கு வந்து சேர்ந்த வில்லியம் ஹார்டி, ஐடா டபிள்டே என்ற சகாவுடன் 1922-இல் இதை ஆராய்ந்து, மிதவை உயவினின்றும் வேறான ஒரு தனிவகை உயவு இது என்று நிலைநாட்டினார். சிலிண்டர்கள் எப்போதும் மேல்முனை அருகில் அதிகமாகத் தேய்ந்து, கீழே ஒடுங்கியும் மேலே அகன்றும் போவதற்குக் காரணம் இதுவே. சுவரில் கீறல்கள் இருந்தால், ரிங் நின்று திரும்பும் அந்த நொடியில் காலடியிலேயே எண்ணெய் இருக்கிறது. சுவர் மெருகேறி வழவழத்துவிட்டாலோ, ரிங் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது, திரும்பி வரும்போது வெறும் உலோகமே எதிர்ப்படுகிறது. நம் வீடுகளில் அம்மி வழவழப்பாகத் தேய்ந்துவிட்டால் அதைக் கொத்துவதற்கு ஆள் தேடுகிறோமே, அந்தக் காரியத்துக்கும் இதற்கும் உருவத்தில் ஒற்றுமை உண்டு. பயன்தான் வேறு, அம்மிக்கு வேண்டுவது பிடிப்பு, சிலிண்டருக்கு வேண்டுவது ஈரம்.

சிலிண்டரின் மெருகில் இன்னொரு தந்திரமும் கலந்திருக்கிறது. எண்ணெய் பலகாலம் சூட்டில் காய்ந்து, கெட்டியான வார்னிஷ் பூச்சாக இரும்பின்மேல் படிந்துவிடுகிறது. புது ரிங்கைப் பழைய மெருகின்மேல் அப்படியே ஓட்டினால், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தித் தேய்ந்துகொள்ள வழியில்லாமல், வாயு ரிங்கைத் தாண்டிக் கசிந்து, மோட்டார் பெலனின்றி இருமிக்கொண்டே இருக்கும். வீட்டில் மோட்டாரைப் புதுப்பிப்பவர்களில் பெரும்பாலோர் ஹோனிங் செய்வதற்கு உடனடிக் காரணம் இதுதான்.

ஆனால் எல்லா மோட்டாரும் மெருகேறியதால் மட்டும் பிரிக்கப்படுவதில்லை. ஜாம் ஆகி நின்றுபோனவையே அதிகம். ஏரித் தண்ணீரை இழுத்துச் சிலிண்டரைச் சுற்றி அனுப்பும் பம்பில் இருக்கும் ரப்பர்ச் சக்கரம் இறுகி உடைந்துவிடுகிறது. கடலில் ஓடியதானால் உப்புப் படிந்து குளிர்நீர் வழிகள் அடைபட்டுவிடுகின்றன. அல்லது ஒரு கார்புரேட்டரின் துவாரத்தில் அழுக்கு அடைத்துக்கொண்டு, அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோலும் அதோடு எண்ணெயும் குறைந்துபோகின்றன. விளைவு ஒன்றே. அலுமினியப் பிஸ்டன், சிலிண்டரின் உட்சுவராக அமைந்த வார்ப்பிரும்பு ஸ்லீவைக் காட்டிலும் இரு மடங்கு வேகத்தில் பருக்கும் ஸ்வபாவமுடையது. 6 சென்டிமீட்டர்ப் பிஸ்டன் நூறு பாகை சூடேறினால் 0.14 மில்லிமீட்டர் பருக்கும், அதே சூட்டுக்கு ஸ்லீவ் பருப்பது 0.07 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் இடையில் தொழிற்சாலையார் விட்ட இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க, குளிர்ச்சி தவறிய சில நிமிஷங்களுக்குள் அந்த இடைவெளி மறைந்து, பிஸ்டன் சுவரோடு உராய்ந்து, தன் அலுமினியத்தையே சுவரில் இழுகிவிடுகிறது.

இழுகிய அலுமினியத்தைக் கல்லால் சுரண்ட முற்படுவது அவசரக்காரர்கள் செய்யும் பிழை. மிருதுவான அலுமினியம் கல்லின் பற்களில் அப்பி அடைத்துக்கொள்ள, கல் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்கிவிடும். இதற்கு ரஸாயனமே சரியான வைத்தியம். பஞ்சு சுற்றிய குச்சியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து அந்தக் கோடுகளின்மேல் மட்டும் ஒற்றினால், அலுமினியம் நுரைத்துக் கரைகிறது. இரும்பை அமிலம் மெதுவாகவே தாக்கும். நுரை அடங்கியதும் இரும்பு வெளிப்பட்டது என்று அறிந்து உடனே கழுவிவிட வேண்டும். மோட்டாரின் பிளாக்கும் அலுமினியமே என்பதை மறந்து, ஜன்னல்களின் வழியே ஒரு சொட்டு வழிந்தாலும், அமிலம் அங்கேயும் அதே உற்சாகத்தோடு வேலை செய்யும். திறந்த வெளியும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைத் தொடுவது தகாது.

சுத்தமான பின்பு அளக்க வேண்டும். வீட்டுப் பட்டறைக்காரர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் மனத்தில் ஒரு மயக்கம். கல்லைச் சுழற்றினால் தேய்ந்த சிலிண்டர் மறுபடி உருண்டையாகிவிடும் என்று நம்புகிறார்கள்; ஆகாது. உட்குறுக்களவை மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பார்த்தால், எவ்வளவு நீள்வட்டமாகியிருக்கிறது, எவ்வளவு கூம்பியிருக்கிறது என்பது தெரியும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்குக்குள், அதாவது ஒரு தலைமயிரின் தடிமன் அளவுக்குள், அடங்கினால்தான் ஹோனிங் போதும் என்று கைநூல்கள் சொல்லும். அதற்கு மேற்பட்டால் லேத் பட்டறைக்கு அனுப்பி ரீபோர் செய்து, அதாவது உட்புறத்தைப் பெரிதாகக் கடைந்து, 0.030 அங்குலம் போலப் பெரிய அளவுள்ள ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1775-இல் ஜான் வில்கின்ஸன், பீரங்கிக் குழாய்களுக்காகத் தாம் அமைத்த துளைப்பு யந்திரத்தின் அனுபவத்தைக் கொண்டு ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் கடைந்து கொடுத்தபோது, ஐம்பது அங்குலக் குறுக்களவில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனுக்கு மேல் பிசகில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் பூரித்துப்போனார். இன்று கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மயிரிழைக்காகக் கவலைப்படுகிறார்.

வீட்டில் வழங்கும் கருவிகள் இரண்டு. ஸ்பிரிங்கினால் விரியும் மூன்று கைகளில் மூன்று நீளக் கற்கள் பொருத்திய ஹோன் ஒன்று; நைலான் இழைகளின் நுனியில் சிலிக்கன் கார்பைடு உருண்டைகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும் தூரிகை வடிவ ஹோன் மற்றொன்று. சிலிக்கன் கார்பைடு என்பது 1891-இல் எட்வர்ட் ஆச்சஸன் என்ற அமெரிக்கர், களிமண்ணையும் பொடி செய்த கோக்கையும் மின்சார வில்லில் சுட்டபோது எதிர்பாராமல் கண்டெடுத்த பளிங்கு. கடினத்தில் வைரத்துக்கு நெருங்கியது. கார் சிலிண்டரில் எந்தக் கருவியும் செல்லும். ஜன்னல்கள் வெட்டிய நம் சிலிண்டரில் அப்படியில்லை. மூன்று கற்களில் ஒன்றின் முனை புகைஜன்னலுக்குள் வழுக்கி விழுந்தால், சுழலும் வேகத்தில் கல் நொறுங்கும், அல்லது ஜன்னல் ஓரத்தைக் கடித்துவிடும். உருண்டைத் தூரிகையோ, ஒவ்வோர் உருண்டையும் தனித்தனியே வளைந்து கொடுப்பதால், ஜன்னல்களைத் தடையின்றித் தாண்டிச் செல்கிறது. போகிற போக்கில் ஜன்னல் ஓரங்களின் கூர்மையையும் சற்று மழுக்கிவிடுகிறது. இரு ஸ்ட்ரோக் ரிங்கின் இரு முனைகளும் ஜன்னலுக்கு நேராக வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே, ரிங் சுழலாதபடி பிஸ்டன் பள்ளத்தில் ஒரு சிறு முளை வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், ஓரத்தின் கூர்மை எவ்வளவு ஆபத்தானது என்பது தெரியும். இந்த நெகிழ்வுக்கே ஒரு குறையும் உண்டு. தூரிகை இருக்கும் வடிவத்தை அப்படியே பின்பற்றிச் செல்லும். கோணலைக் கோணலாகவே கீறி வைக்கும். அது சுவரின் தோலைச் சீர்செய்யும் கருவி. எலும்பைச் சீர்செய்வது ரீபோர் யந்திரத்தின் வேலை.

இனிக் கீறலின் லக்ஷணம். டிரில்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் அசைத்தால், ஏறும்போது ஒரு சாய்வும் இறங்கும்போது எதிர்ச் சாய்வுமாகக் கோடுகள் விழுந்து, சுவர் முழுவதும் சாய்சதுரக் கட்டங்களாகிவிடுகிறது. அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் கோணம் நாற்பத்தைந்து முதல் அறுபது பாகை வரை இருக்கவேண்டும் என்பது பெரும்பாலோர் கொள்கை. கோணத்தை நிர்ணயிப்பது கையின் அதிர்ஷ்டமன்று, எளிய திரிகோண கணிதம். நம் 6 சென்டிமீட்டர்ச் சிலிண்டரில் டிரில் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றினால், கல் சுவரின்மேல் வட்டமாக ஓடும் வேகம் நிமிஷத்துக்கு 56 மீட்டர்; நாற்பத்தைந்து பாகைக் கோணம் விழ, அதே கல் மேலும் கீழுமாக நிமிஷத்துக்கு 23 மீட்டர் போக வேண்டும். விநாடிக்கு சுமார் 40 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் நீளச் சிலிண்டரில் விநாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்குவது. மனிதக் கைக்கு இது சாத்தியமே. டிரில்லை அதன் இஷ்டம்போல் 1,200 சுற்றில் ஓடவிட்டுக் கையை அதே வேகத்தில் அசைத்தாலோ, கோணம் பன்னிரண்டு பாகையாகச் சுருங்கி, கட்டங்களுக்குப் பதில் திருகாணி மரைபோல் வளையங்கள்தான் மிஞ்சும்; அவற்றில் ரிங் தடதடத்து ஓடும். டிரில் மெதுவாக, கை வேகமாக என்ற பட்டறைச் சூத்திரத்தின் உட்பொருள் இவ்வளவுதான்.

கோணம் மிகவும் செங்குத்தாகிவிட்டால் எண்ணெய் வழிந்து கீழே போய்விடும் என்று பல புத்தகங்கள் காரணம் சொல்வதுண்டு. நிமிர்ந்து நிற்கும் கார் சிலிண்டருக்கு அது பொருந்தலாம். அவுட்போர்டு மோட்டாரில் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது, சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருக்கின்றன. எண்ணெய் பிஸ்டன் ஓடும் திசையில் வழிவதே இல்லை. இங்கே செங்குத்துக் கோட்டின் தீமை வேறு. ரிங்கின் ஓட்டத்தோடு இணையாகப் போகும் பள்ளம், எரியும் வாயு ரிங்கைத் தாண்டி ஓடுவதற்குத் திறந்துவிட்ட வாய்க்கால். ஆகையால்தான் வேலை முடிந்ததும் தூரிகையைச் சுழன்றுகொண்டிருக்கும்போதே வெளியே இழுக்கவேண்டும். நிறுத்திவிட்டு உருவினால், அத்தகைய நெட்டுக்கோடுகளைக் கடைசி க்ஷணத்தில் நாமே போட்டுவிடுவோம்.

எவ்வளவு நேரம் செய்வது? இந்த விஷயத்தில் என் அபிப்பிராயம் குறைவின் பக்கமே சாய்கிறது. மெல்லிய எண்ணெய் தடவி, 180 அல்லது 240 இலக்கப் பொடியுள்ள தூரிகையால் அரை நிமிஷத்துக்குள் மெருகு மறைந்து, சுவர் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிறம் காட்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கிறதே என்று இன்னும் ஓட்டுகிறவர், பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைத் தம் கையாலேயே பெருக்குகிறார். சில மோட்டார்களில் இரும்பு ஸ்லீவ் கிடையாது. குரோமியமோ, நிக்கலில் சிலிக்கன் கார்பைடு பதித்த பூச்சோதான் சுவர். அவற்றைச் சாதாரணக் கல்லால் தொடவே கூடாது. தன் மோட்டாரின் சுவர் எந்த வகை என்பதைக் கைநூலில் பார்க்குமுன் டிரில்லைக் கையில் எடுப்பவருக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லத் தயாரில்லை.

கழுவுவது என்ற காரியம் கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. ஆனால் ஹோனிங் செய்த சிலிண்டர்கள் சீக்கிரமே தேய்ந்துபோவதற்கு இதில் காட்டும் அலட்சியத்தைவிடப் பெரிய காரணம் வேறில்லை. கீறல்களுக்குள் இரும்புத் துகளும், கல்லிலிருந்து உதிர்ந்த சிலிக்கன் கார்பைடும் புதைந்து கிடக்கின்றன. பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றித் துடைத்தால், அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடும். துகள் இருந்த இடத்திலேயே, இப்போது ஈரமுமின்றி, உட்கார்ந்திருக்கும். சோப்பு நீரின் வழி வேறு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றுவதால், எண்ணெய் தோய்ந்த துகளை அது நாற்புறமும் சூழ்ந்து, சுவரிலிருந்து பெயர்த்து, தண்ணீரில் மிதக்கவிடுகிறது. வெந்நீரும் சோப்பும் தூரிகையுமாகத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் கறை ஒட்டாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கார் எஞ்சினிலாவது தவறிய துகளைப் பிடிக்க எண்ணெய் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. இரு ஸ்ட்ரோக்கிலோ, பிஸ்டனுக்குக் கீழே விழும் ஒவ்வொரு பொடியும் கிராங்க் ஷாஃப்டின் உருளைப் பேரிங்குகளுக்கே நேராகப் போய்ச் சேரும். ஆகவே கிராங்க் ஷாஃப்டைக் கழற்றாமல், அதன்மேல் துணியைத் திணித்துவிட்டு ஹோனிங் செய்வது, சோம்பலுக்குச் சிக்கனம் என்று பேர் வைப்பதுதான். கழுவியதும் உலர்த்தி, தாமதியாமல் எண்ணெய் பூசவேண்டும். புதிதாகக் கீறப்பட்ட இரும்பு, ஈரக் காற்றில் நாம் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பழுப்பேறத் தொடங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சுவர் முழுமை பெற்றுவிடவில்லை. மீதியை எஞ்சினே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாகக் கீறிய பரப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஊசி ஊசியான சிகரங்களும் இடையிடையே பள்ளங்களுமாக இருக்கும். 1852-இல் இங்கிலாந்தின் ரயில்வே எஞ்சினீயர் ஜான் ராம்ஸ்பாட்டம், வெட்டுவாய் உள்ள இரும்பு வளையத்தை ரிங்காக அமைத்த நாள்முதல், ரிங் தன் சொந்த விறைப்பினால் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், அதை உண்மையில் சுவரோடு அழுத்துவது அதன் முதுகுப்புறம் புகுந்துகொள்ளும் வாயுவின் அழுத்தமே. அந்த அழுத்தத்தில் ரிங் முதலில் சிகரங்களின் நுனிகளை மட்டும் தேய்த்துத் தட்டையாக்குகிறது. பள்ளங்கள் அப்படியே நிற்கின்றன. மேலே பாரம் தாங்கும் சமதளமும் கீழே எண்ணெய் தாங்கும் பள்ளமுமாக அமையும் இந்தப் பரப்பை எண்களால் விவரிக்கும் வழியை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபட், ஃபயர்ஸ்டோன் என்ற இருவர் 1933-இல் வகுத்தார்கள்; பரப்பின் உச்சியிலிருந்து ஒவ்வொரு மட்டத்துக்கும் இறங்கும்போது எத்தனை பங்கு உலோகம், எத்தனை பங்கு வெற்றிடம் என்று காட்டும் அவர்களுடைய வளைவு, இன்றும் சிலிண்டர் செய்யும் தொழிற்சாலைகளில் தீர்ப்பளிக்கும் கருவியாக இருக்கிறது.

ஆகையால் முதல் பத்து மணி நேர ஓட்டத்தைப் பலர் நினைப்பதுபோல் வெறும் ஜாக்கிரதைக் காலமாக எண்ணிவிடக் கூடாது. மோட்டாருக்கு நோகாமல் இருக்கட்டும் என்று மிகமெதுவாகவே மணிக்கணக்கில் ஓட்டினால், ரிங்கின் முதுகில் போதிய அழுத்தம் பிறவாமல், சிகரங்கள் தேய்வதற்குமுன் எண்ணெய் வெந்து படிந்து பழைய மெருகு திரும்பிவிடும். முழு வேகத்தில் நெடுநேரம் விட்டாலோ, சிகரங்கள் உரசும் உஷ்ணத்தைத் தாங்காமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சுமையை மாற்றி மாற்றியும் ஓட்டவேண்டும் என்பதோடு, பெட்ரோலில் எண்ணெயின் விகிதத்தை ஐம்பதுக்கு ஒன்றிலிருந்து இருபத்தைந்துக்கு ஒன்றாக இரட்டித்துக்கொள்ளும்படி பல கைநூல்கள் விதிக்கின்றன. புகை சற்று அதிகமாக வரும். தொடக்கத்தில் ஒரு தடவையும், பத்து மணி நேரம் முடிந்தபின் ஒரு தடவையும், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமானியைத் திருகி, கயிற்றை இழுத்துப் பார்ப்பது வழக்கம். ரிங்குகள் நன்றாகப் பதிந்திருந்தால் இரண்டாவது தடவை முள் முன்னைவிட உயர்ந்து நிற்கும், இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும்; அப்போது எண்ணெயைப் பழைய விகிதத்துக்குக் குறைத்துவிடலாம். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்தே நின்றால், ஹெட்டை மறுபடி கழற்றி அந்தச் சுவரை விளக்கு வைத்துப் பார்ப்பதைவிட, முதலில் அதன் கார்புரேட்டரையும் குளிர்நீர் வழியையும் சோதிப்பதே புத்திசாலித்தனம். போன தடவை பிஸ்டன் ஜாம் ஆனதற்குக் காரணமாயிருந்த அதே அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இன்னும் இருக்கும்.